மதம் என்ற கட்டத்தில் நாத்திகர் என்ன எழுதுவது?

கோடம்பாக்கத்தில் படம் தொடங்கும் நாளில் பூஜை, படப்பிடிப்பு முடியும் நாளில் பூசணிக்காய் உடைப்பு. ராகு காலம் பார்க்காமல் முதல் ஷாட் வைக்கும் தயாரிப்பாளர் இங்கே அரிது. புதுப்படத்தின் ஸ்கிரிப்ட் முதலில் வடபழனி முருகன் சன்னிதிக்குப் போய்விட்டுத்தான் அலுவலகத்துக்கு வரும். இதே வட்டாரத்தில், ஏவி.எம். ஸ்டுடியோவில்தான் ‘பராசக்தி’ உருவானது. 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று படம் வெளிவந்தது. அம்மன் சிலைக்குப் பின்னால் நின்றுகொண்டு நாயகன் குணசேகரன் பூசாரியை நோக்கிப் பேசும் காட்சி தியேட்டர்களை உலுக்கியது. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. மு. கருணாநிதியின் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஒரு தலைமுறையே உருவானது.

ஆனால் அதே குணசேகரன் கடைசியில் நீதிமன்றக் கூண்டில் நின்று என்ன சொல்கிறான்? தன் எதிர்ப்பு கோயில் மீது அல்ல, கோயிலுக்குள் புகுந்துகொண்டு அக்கிரமம் செய்கிறவர்கள் மீதுதான் என்கிறான். இது நாத்திகமா, சீர்திருத்தமா? அன்று படத்தை எதிர்த்தவர்கள் நாத்திகம் என்றார்கள், ஆதரித்தவர்களில் பலரும் அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டார்கள். கடவுள் இல்லை என்று சொல்வதும், கடவுளின் பெயரால் நடப்பதைத் தட்டிக்கேட்பதும் ஒன்றுதானா என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் நாத்திகத்தைப் பற்றிய விவாதம் இன்றுவரை குழம்பிக் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குழப்பம், ‘நாத்திகமும் ஒரு மதம்தானே’ என்ற வாதம். இதை எழுப்புகிறவர்கள் இரண்டு வகையினர். நம்பிக்கையாளர்கள் இதை ஒரு பதிலடியாகச் சொல்கிறார்கள்: நீங்களும் நிரூபிக்க முடியாத ஒன்றைத்தான் நம்புகிறீர்கள், உங்களுக்கும் ஒரு தலைவர் உண்டு, நூல் உண்டு, சிலை உண்டு. இன்னொரு வகையினர் நாத்திகர்களிலேயே சிலர். மதங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு நமக்கும் வேண்டும், அதற்காக மதம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டாலும் பாதகமில்லை என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வாதங்களையும் அவற்றுக்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்விக்கான பதில் திருமணம், வாரிசுரிமை, பள்ளிச் சான்றிதழ், சில நேரங்களில் உயிர் வரைக்கும் தொடுகிறது.

நாத்திகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் மூன்றில் ஒன்றைச் சொல்கிறார். கடவுள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்கிறார் ஒருவர். இல்லவே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்கிறார் இன்னொருவர். இருக்கிறாரோ இல்லையோ, அந்தப் பெயரைச் சொல்லி மனிதனை மேல் கீழ் என்று பிரிப்பதை ஏற்க மாட்டேன் என்கிறார் மூன்றாமவர். கோடம்பாக்கமே இந்த மூன்றையும் திரையில் காட்டியிருக்கிறது. எம்.ஆர். ராதா ‘ரத்தக் கண்ணீர்’ படத்திலும் அதற்கு முன் நாடக மேடையிலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து கொடுத்தார். கமல்ஹாசன் ‘தசாவதாரம்’ படத்தின் முடிவில் பேசுவது முதலாவதற்கு நெருக்கமானது, அதில் ஓர் ஏக்கமும் இருக்கிறது. 2003இல் வந்த ‘அன்பே சிவம்’ கடவுளை நம்பாத ஒரு தொழிற்சங்கத் தோழரைக் கதாநாயகனாக்கிவிட்டுத் தலைப்பைத் திருமூலரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இந்த மூன்றும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், ஒன்றுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் மற்றொன்றின் மேல் போய் விழுகிறது.

நம் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் இன்றைய மேடைகளைவிடத் தெளிவாக இருந்தன. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று வரிசை போகிறது. கடைசியில் நிற்பவன் பூதவாதி. சில பொருள்களைச் சேர்த்து ஊறவைத்தால் கள்ளுக்குப் போதை வருவதுபோல, பூதங்கள் சேர்வதால் உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் அது போய்விடுகிறது என்கிறான் அவன். இந்தப் பிறப்புக்கு அப்பால் ஒன்றும் இல்லை, கண்ணால் கண்டதே சான்று என்கிறான். மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் தந்தையர் யார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள்.

அந்தக் கேள்வி கூர்மையானது. அதைவிட முக்கியமானது, பூதவாதி எந்த வரிசையில் நிற்கிறான் என்பது. அந்தக் காதைக்குப் பெயரே சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை. கடவுளையும் மறுபிறப்பையும் மறுப்பவனும் ஒரு சமயக் கணக்கன்தான். சமண நூலான நீலகேசியும் வாதம் செய்து வெல்ல வேண்டியவர்களில் ஒருவராகப் பூதவாதிக்குத் தனிச் சருக்கம் ஒதுக்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தை எழுதியபோது, மறுப்பதற்காக முதலில் எடுத்துக்கொண்டது உலகாயதன் மதத்தைத்தான். ஆம், மதம் என்றே அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் மதம் என்பது ஒருவர் வாதிட்டு நிறுத்தக்கூடிய கொள்கை. பிறப்பால் ஒட்டிக்கொண்டு வரும் அடையாளம் அல்ல.

அன்றைய பிரிவுக்கோடு கடவுள் என்ற இடத்தில் போடப்படவும் இல்லை. படைத்தவன் ஒருவன் தேவை என்று கருதாத சாங்கியம் வேதத்தை ஏற்றதால் உள்ளே இருந்தது. அறத்தையும் வினையையும் விரிவாகப் பேசிய பௌத்தமும் சமணமும் வேதத்தை ஏற்காததால் நாத்திகம் என்று தள்ளப்பட்டன. எனவே கடவுள் நம்பிக்கையை அளவுகோலாக வைத்து மதத்தை வரையறுக்கிறவர்கள் முதலில் பௌத்தத்தையும் சமணத்தையும் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும்.

சென்னைக்கு நவீன நாத்திகம் பெரியாரோடு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் பிறந்த காலத்திலேயே அது இந்த நகரத்தில் அச்சேறத் தொடங்கிவிட்டது. சென்னை இலௌகிக சங்கம் என்ற பெயரில் இயங்கிய ஒரு குழு, 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழையும் உடன் ஓர் ஆங்கில இதழையும் நடத்தியது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் இயக்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அத்திப்பாக்கம் வெங்கடாசலனார் போன்றவர்கள் இந்து ஆசாரங்களையும் சாதியையும் வருணத்தையும் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள். பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுத்து வெளியிட்டபோதுதான் நமக்கு அவர்களின் முழு உருவம் தெரிந்தது. அந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பியச் சுதந்திரச் சிந்தனையாளர்களுக்குப் பெரும் கேள்வி பைபிளா அறிவியலா என்பது. சென்னையில் எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வியோடு சாதியும் சேர்ந்தே வந்தது. இங்கே நாத்திகம் பிறக்கும்போதே சமூகப் பிரச்சினையாகப் பிறந்தது.

அதே கேள்விக்கு வேறு விடை தேடியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சாதியைச் சுமத்திய மதத்தை விட்டு, சாதியில்லாத மதம் ஒன்றை வரலாற்றிலிருந்து மீட்டெடுப்பது அவர் வழி. பெரியார் எந்த மதத்தையும் ஏற்காத வழியில் போனார். 1954இல் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போய்வந்தார், புத்தரைப் போற்றினார், ஆனால் பௌத்தராகவில்லை. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். மூவரும் எதிர்த்தது ஒன்றைத்தான். இருவருடைய முடிவு மதம், ஒருவருடைய முடிவு மதமின்மை. இதைப் பார்க்கும்போது, தமிழ்ச் சூழலில் நாத்திகத்தின் வேர் கடவுள் ஆராய்ச்சியில் அல்ல, மனிதனுக்கு மனிதன் செய்யும் அவமதிப்பில் இருக்கிறது என்பது விளங்கும்.

பெரியாரை மேலோட்டமாக வாசிக்கிறவர்களுக்கு இங்கேதான் ஒரு முரண் தெரியும். கடவுளே இல்லை என்றவர் ஏன் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார்? கடைசிக் காலத்தில் ஏன் கருவறை நுழைவுப் போராட்டத்தை அறிவித்தார்? அவர் கேட்டது வழிபடும் வாய்ப்பை அல்ல. ஒரு மனிதன் கல்லைத் தொட்டால் அது தீட்டுப்படும் என்ற விதி, அந்த மனிதனைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை உடைக்கவே போராட்டம். கருணாநிதி அரசு 1970 டிசம்பரில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் கொண்டுவந்ததும், 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சி. ஒரு நாத்திக இயக்கம் பக்தர்களுக்குப் பெற்றுத் தந்த உரிமை அது.

இனி, இந்த இயக்கமே ஒரு மதமாகிவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை மழுப்பாமல் பார்க்க வேண்டும். திராவிடர் கழகக் கூட்டங்கள் கடவுள் மறுப்பு வாசகங்களை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வதோடு தொடங்கும். அந்த வாசகங்களைப் பெரியார் 1967இல் விடயபுரம் முகாமில் அறிவித்தார். அவை அவர் சிலைகளின் பீடங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கருப்புச் சட்டை ஒரு சீருடை. செப்டம்பர் 17 ஒரு விழா, டிசம்பர் 24 ஒரு நினைவு நாள். வேப்பேரியில் பெரியார் திடல் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம், ஆண்டுதோறும் தொண்டர்கள் கூடும் இடம். திருமணத்துக்கு ஒரு முறை உண்டு, சாவுக்குச் சடங்கில்லாத ஒரு முறை உண்டு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் மதத்தைப் பார்த்த கோணத்தில், அதாவது புனிதமென்று ஒதுக்கியவற்றைச் சுற்றி ஒரு சமூகம் தன்னைத் திரட்டிக்கொள்ளும் முறை என்ற கோணத்தில் பார்த்தால், இவற்றில் பல மதத்தின் அங்கங்களாகவே தெரியும்.

சாதி விலக்குப் போன்றதும் நடந்திருக்கிறது. 1950களின் நடுவில் திருப்பதிக்குப் போய்வந்த சிவாஜி கணேசனை, அன்றுவரை அவர் வசனத்துக்குக் கைதட்டிய கட்சிக்காரர்களே தெருவில் ஏசினார்கள். அவர் தி.மு.க.விலிருந்து விலகிச் செல்ல அது வழிவகுத்தது. நம்பாத ஒரு சபைக்குள் நம்பியதற்காக ஒருவர் அவமானப்பட்டார். கண்ணதாசன் எதிர்ப்பக்கம் போன பயணமும் நமக்குத் தெரியும். நாத்திக மேடையில் முழங்கிய கவிஞர் பின்னாளில் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதினார், அதற்கும் பிறகு ‘இயேசு காவியம்’ எழுதினார். அவர் மாறியதைத் துரோகம் என்று சொன்ன நாத்திகர்கள் உண்டு. ஒரு மனிதன் சிந்தித்து வந்து சேர்ந்த முடிவைத் துரோகம் என்று அழைப்பது பகுத்தறிவின் மொழி அல்ல. அங்கே அது மதத்தின் மொழியைக் கடன் வாங்கிவிட்டது.

ஆனாலும் இந்த இயக்கத்தை மதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொடியும் சீருடையும் நினைவிடமும் தொழிற்சங்கத்துக்கும் உண்டு, தேசத்துக்கும் உண்டு. கூட்டாகச் செய்வதெல்லாம் மதம் என்றால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாமல் போகும். சிலைக்கு மாலை போடுகிறவர் அந்தச் சிலை தன் பிள்ளையின் காய்ச்சலைத் தீர்க்கும் என்று நினைப்பதில்லை, மாலை போடாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயப்படுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியார் தன் பேச்சுகளை முடிக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு நிபந்தனை இருக்கிறது: நான் சொன்னேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் சொல்லையே மறுக்கும் உரிமையை ஆரம்பத்திலேயே கையில் கொடுக்கும் ஒரு கொள்கை மதமாவது கடினம். பெரியார் சொன்ன எதையும் இன்று திருத்திச் சொல்லக் கூடாது என்று ஒரு தொண்டர் நினைப்பாரானால், மதமாவது அந்தத் தொண்டரின் மனநிலை மட்டுமே. அந்த ஆபத்து உண்மையானது. தலித் எழுத்தாளர்களும் பெண்ணியவாதிகளும் இயக்கத்தின் மீது வைத்த விமர்சனங்களை அது எப்படி எதிர்கொண்டது என்பதை வைத்தே அதை அளக்க வேண்டும். எல்லா நேரத்திலும் அது நன்றாக எதிர்கொண்டது என்று சொல்லிவிட முடியாது.

ஆட்சிக்கு வந்த பிறகு நாத்திகம் வேறு வடிவம் எடுத்தது. 1949இல் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கியபோதே அண்ணா திருமூலரின் ஓரடியை எடுத்துக்கொண்டு ஒரே தெய்வம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். வாக்குக் கேட்டுத் தெருவில் இறங்குகிற கட்சிக்கு அது தேவையாக இருந்தது. 1967இல் அமைச்சர்கள் கடவுளின் பெயரால் அல்லாமல் உளமார உறுதி கூறிப் பதவியேற்றார்கள். அந்த வாய்ப்பை அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையே தருகிறது. அதன் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற பிராட்லா, கடவுள் பெயரால் சத்தியம் செய்வது பற்றிய சர்ச்சையால் ஆறு ஆண்டுகள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முறையாக உட்கார முடியாமல் அலைக்கழிக்கப்பட்டார். உறுதிமொழி போதும் என்ற சட்டம் 1888இல்தான் வந்தது. தத்துவ விவேசினி நின்றுபோன அதே ஆண்டு.

நீதிமன்றங்கள் சொன்னதைப் பார்ப்போம். மதம் என்றால் என்ன என்று இந்திய உச்ச நீதிமன்றம் முதன்முதலில் விரிவாகப் பேசிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்துதான் போனது. 1951ஆம் ஆண்டின் சென்னை அறநிலையச் சட்டத்தை உடுப்பியின் சிரூர் மடம் எதிர்த்தது. 1954இல் வந்த தீர்ப்பு, மதம் என்றாலே கடவுள் இருக்க வேண்டும் என்பதில்லை, பௌத்தமும் சமணமும் அப்படிப்பட்டவை என்று தெளிவாகச் சொன்னது. ஆன்மிக நலனுக்கு உதவுவதாகக் கருதப்படும் நம்பிக்கைத் தொகுதி என்பதே அது எடுத்துக்கொண்ட அடிப்படை. நாத்திகம் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. எனவே அந்த வரையறைப்படி நாத்திகம் மதமாகாது. ஆனால் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைச் சொல்வதற்கு முன்பே மனசாட்சிச் சுதந்திரத்தைச் சொல்கிறது. நாத்திகருக்கு இடம் அங்கே இருக்கிறது. அதற்காக அவர் மதம் என்ற வேடம் போட வேண்டியதில்லை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. விஸ்கான்சின் மாநிலச் சிறையில் ஒரு கைதி நாத்திகர்களுக்கான படிப்புக் குழு நடத்த அனுமதி கேட்டார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் அரசியலமைப்பின் மதச் சுதந்திரப் பிரிவுக்காக நாத்திகத்தையும் மதமாகவே கருத வேண்டும் என்றது. நார்வேயில் மனிதநேய அமைப்பு, வாழ்க்கைநோக்கு அமைப்பு என்ற தகுதியில், திருச்சபைகளைப் போலவே உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு உதவி பெறுகிறது. ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் வெளியிட்ட விளக்கம் இன்னும் நேரானது: கடவுள் நம்பிக்கை, நம்பிக்கையின்மை, எந்த மதத்தையும் ஏற்காமல் இருப்பது ஆகிய எல்லாமே ஒரே பாதுகாப்புக்கு உரியவை. நம் தமிழர் பெருமளவில் வாழும் மலேசியாவிலோ 1970இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடுகளில் முதலாவதே இறை நம்பிக்கை.

இங்கே பேச்சுரிமை ஓரளவு காக்கப்பட்டிருக்கிறது. 1953 மே மாதம் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். அந்த வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம், ஒரு சாரார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் சட்டப் பாதுகாப்புக்குள் வரும் என்று கீழ் நீதிமன்றங்களின் கருத்தைத் திருத்தியது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று வழக்கை மீண்டும் தொடங்க மறுத்தது. 2019இல் பெரியார் சிலைகளில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை அகற்றக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடவுளைப் பற்றிச் சொல்ல உனக்கு உள்ள உரிமை அதை மறுப்பதற்கு மற்றவருக்கும் உண்டு என்பதே அதன் சாரம். இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்தால் நியாயமான ஓர் எல்லை கிடைக்கிறது.

தீர்ப்புகள் எட்டாத இடமும் உண்டு. 1930களின் நடுவில், பகத் சிங் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்கியதற்காகக் கைது செய்யப்பட்டார். அது அந்நிய ஆட்சி. 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து திராவிடர் விடுதலைக் கழகத்தில் இயங்கிய இளைஞர் ஒருவர், நாத்திகக் கருத்துகளைப் பகிர்ந்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். பூனாவில் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் 2013இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நாத்திகமும் ஒரு மதம்தானே என்று சொல்கிறவர்கள் இந்தச் சாவுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தன் மதத்தை விட்டு இன்னொரு மதத்துக்குப் போகிறவரை வரவேற்க அங்கே ஒரு சமூகம் காத்திருக்கும். எல்லாவற்றையும் விட்டு வெளியே வருகிறவரைத் தாங்கிக்கொள்ள யாரும் இருப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் பேர். நாத்திகர் என்றே பதிவானவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,300 பேர் மட்டுமே. தமிழ்நாட்டில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் இவ்வளவு குறைவு என்று இங்கே வாழும் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள், சாதிச் சான்றிதழோடு மதம் பின்னிக் கிடக்கிறது, இட ஒதுக்கீட்டு உரிமை கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. பட்டியல் சாதியினர் இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் அந்தத் தகுதி நிலைக்கும் என்று 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் சொல்கின்றன. இந்த நிலையில் ஒரு தலித் நாத்திகர் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! பள்ளியில் சாதி, மதம் இல்லை என்று பதிவு செய்ய 1973இலும் 2000இலும் தமிழக அரசு ஆணைகள் பிறப்பித்தது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழைப் பெற்றார். யாரையும் மதத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2014இல் மும்பை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஆனால் பிறப்பு, திருமணம், இறப்பு என்று வந்தால் சட்டம் நாத்திகரை விடுவதில்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர் எல்லாரும் பொதுவாக இந்துச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் சந்திரசேகர முதலியார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சடங்கிலும் கோட்பாட்டிலும் நம்பிக்கை இல்லை என்பதால் ஒருவர் இந்துவாக இல்லாமல் போவதில்லை, வேறு மதத்தைத் தழுவும்வரை இந்துவே என்று கூறியது. சுயமரியாதைத் திருமணத்தின் கதை இதை இன்னும் நன்றாகக் காட்டும். புரோகிதர் இல்லாத திருமணங்கள் 1920களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. 1950களின் தொடக்கத்தில் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவை சட்டப்படி செல்லாது என்றது. அப்படி மணந்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் எந்த நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பார்கள் என்று எண்ணினாலே மனம் பதறுகிறது. அண்ணா அரசு 1967இல் திருத்தம் கொண்டுவந்து, முன்பு நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து ஏற்பு வழங்கியது. தமிழ்நாட்டின் மாபெரும் சட்டங்களில் ஒன்று அது. சாதி மீறி மணந்து உயிருக்குப் பயந்து ஓடிவரும் இளைஞர்களுக்கு இன்றும் அதுவே கைகொடுக்கிறது. ஊரறிய விழா நடத்த வேண்டிய அவசியம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அந்தத் திருத்தம் நுழைந்த இடம் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. அதில் உள்ள சொல் ‘இரண்டு இந்துக்களுக்கு இடையே’ என்பது. மதத்தை மறுத்துச் செய்துகொள்ளும் திருமணம் மதத்தின் பெயரால் மட்டுமே செல்லுபடியாகிறது. ஒருவர் முஸ்லிம் வீட்டிலோ கிறிஸ்தவ வீட்டிலோ பிறந்தவராக இருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போனால் 30 நாள் அறிவிப்பு, அதைப் பார்த்துவிட்டுத் தேடி வரும் உறவினர்கள். வேடிக்கை பார்க்க முடியாத நிலைமை இது. 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்கூட, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் உள்ளிட்ட எந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்று அறிவிக்கிறவர்களுக்கே உரியதாக இருந்தது. அந்த அறிவிப்பைக் கட்டாயமாக்கியது கொடுமைதான். ஆனாலும் மதமற்ற மனிதன் ஒருவன் இருக்கிறான் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. விடுதலைக்குப் பின் வந்த சட்டங்களில் அவன் காணாமல் போய்விட்டான். முஸ்லிமாகப் பிறந்து நம்பிக்கையை விட்ட கேரளப் பெண் ஒருவர், தன் சொத்துக்கு ஷரியத் அல்லாமல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று போட்ட மனுவை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவர் நாத்திகத்தை மதமாக அங்கீகரிக்கச் சொல்லவில்லை. தான் விட்டுவிட்ட மதத்திலிருந்து சட்டமும் தன்னை விட வேண்டும் என்கிறார்.

கேட்க வேண்டியது அதைத்தான். 7ஏ பிரிவில் உள்ள வழிமுறையை எந்தக் குடும்பத்தில் பிறந்தவருக்கும் திறந்துவிடும் தனிச் சட்டம், மதமற்றவர் என்று அறிவிக்கிறவருக்குப் பொது வாரிசுரிமை, கணக்கெடுப்பில் அவருக்கென ஒரு குறியீடு. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப்பட்டியலில் இருப்பவை. மாநிலச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். தமிழ்நாடு அப்படித்தான் 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது, 1989இல் மகளுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. கணக்கெடுப்பு மட்டும் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. மற்ற இரண்டையும் கோட்டையிலிருந்தே தொடங்க முடியும்.